ஒரே தேடலில் மூன்று ஆவணங்கள்: மட்டக்களப்பில் ஒரு வாய்மொழித் தொகுப்பைத் திறந்ததும் மூடியதும்

பழைய உள்ளூர்ப் பத்திரிகை, அரசாங்க அறிக்கைகள், ஊர்ச்சனங்களின் வாய்மொழிப் பதிவுகள் ஆகிய மூன்றையும் ஒரே தேடலுக்குள் கொண்டுவந்த ஒரு சிறு குழுவுக்கு நடந்ததை எழுதிவைக்கிறேன். நான் அந்தக் குழுவில் பட்டியல் போடும் வேலை பார்த்தவன். ஆட்களின் பெயர், ஊர், பத்திரிகையின் பெயர் எதுவும் இதில் வராது. ஏன் என்பது வாசித்துக்கொண்டு போகும்போது தெரியும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

கொவிட் முடக்கம் தளர்ந்த காலத்தில் வேலை தொடங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர் ஒருவர், ஏறாவூர்ப் பக்கத்து நூலக உதவியாளர் ஒருவர், பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர், நான். வாசிகசாலையின் பின்னறைதான் இடம். காசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு லப்டொப்பும் இரவல் கமராவும் இருந்தன.

கைக்கு வந்தவை மூன்று குவியல். முதலாவது, எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் மட்டக்களப்பில் அச்சான ஒரு வாரப் பத்திரிகையின் கட்டுகள். பழைய பத்திரிகை ஏஜென்ட் ஒருவர் வீட்டுப் பரணில் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 கடல் அவர் வீட்டுக்குள்ளும் வந்துபோனது. கீழே இருந்த கட்டுகள் போய்விட்டன, பரணில் இருந்தவை தப்பின, அதிலும் ஓரம் நனைந்தவை உப்புப் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இரண்டாவது, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர் கொடுத்த தாள்கள்: 1978 புயல் நிவாரணம் பற்றி ரோணியோ மெஷினில் பிரதியெடுத்த அறிக்கைகள், மாவட்டப் புள்ளிவிவரக் கைந்நூல்கள் சில, தொண்ணூறுகளின் நட்டஈட்டுப் பட்டியல்களின் போட்டோக்கொப்பிகள். மூன்றாவது, பெண்கள் அமைப்பு ஒன்று தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கசட்டில் பதிந்த பேச்சுகள். பேசியவர்களில் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையும் உண்டு, மேற்கே படுவான்கரையும் உண்டு. பேசியவர்களிடம் அப்போது கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: "உங்கட பெயர் போடமாட்டம்."

ஸ்கேன் பண்ணியதும் பட்டியல் போட்டதும்

தொடங்கும் முன் இணையத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். 2005 இல் தொடங்கிய நூலகம் தளத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நிறையவே ஏறியிருக்கின்றன. அங்கே இருப்பதைத் திரும்பச் செய்வதில் அர்த்தமில்லை. எங்கள் கையில் இருந்த வார இதழ்கள் அங்கே கிடைக்கவில்லை, சரி, தொடங்கினோம்.

பெரிய தாள் சாதாரண ஸ்கேனரில் அடங்காது. மேலே கமரா, இரண்டு பக்கமும் லைட், தாளின் மேல் கண்ணாடி என்று ஒரு மேசையைத் தயார்பண்ணி எடுத்தோம். படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே வாசித்துத் தரும் மென்பொருள் புதிய புத்தகங்களில் நன்றாக வேலை செய்யும். பழைய வடிவ 'னை', 'லை', 'றா' போட்டு அச்சான, மை கசிந்த பத்திரிகையில் அது தடுமாறியது. ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும்தான் மிக மோசமாகச் சிதைந்தன.

ஆகவே அவற்றைக் கையால் தட்டச்சு செய்யத் தீர்மானித்தோம். 2022 மார்ச் மாதம் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம் அது. லைட் இல்லாமல் படம் எடுக்க முடியாது, லப்டொப்பும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. பிள்ளைகள் ஏற்கெனவே எடுத்த படங்களைப் போனில் திறந்து, செய்தியில் வரும் ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு பெயரையும் ஒரு விரிதாளில் அடித்தார்கள். காணாமல் போனவர்களின் பெயர் வந்த செய்திகளுக்கு முன்னுரிமை கொடுத்தோம், குடும்பங்கள் தேடுவது அதைத்தான் என்று எங்களுக்குத் தெரியும். அந்த இருட்டு மாதங்களில் செய்த வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

வாய்மொழிப் பதிவுகளுக்கும் அறிக்கைகளுக்கும் அதே விரிதாள், அதே நிரல்கள்: ஊர், காலம், பொருள், ஆட்கள். பேச்சுகளில் 'ஆட்கள்' நிரல் வெறுமை. கொடுத்த வாக்கின்படி பெயர் இல்லை, "தாய், வயது அறுபதளவில், இந்த ஊர்" என்று மட்டும்.

உரிமை விஷயத்தில் அதிக சிக்கல் வரவில்லை. பத்திரிகையை நடத்தியவரின் குடும்பம் எழுத்தில் சம்மதம் தந்தது. அறிக்கைகளைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சட்ட, நிர்வாக இயல்புள்ள உத்தியோகபூர்வ வாசகங்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்புக் கொடுக்கவில்லை, அதை வைத்துக்கொண்டு நடந்தோம். புயல் அறிக்கை ஒன்றில் நடுப்பக்கங்கள் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டோம், தேடிப்பார்த்தோம் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அந்த நடுப்பக்கங்கள் இன்றுவரை இல்லை.

புயல் தொகுப்பு

முதலில் திறந்தது 1978 நவம்பர் 23 இரவு வீசிய புயல் பற்றிய தொகுப்பு. இந்த மாவட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்த இரவைச் சொல்வார்கள். ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால் மூன்றும் ஒரே திரையில் வரும். அறிக்கையில் எத்தனை வீடு, எத்தனை தென்னை. பின்வந்த புயல் நினைவு இதழில் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றவர்களின் பெயர்கள். பேச்சில் ஒரு அம்மம்மா, பாடசாலைக் கூரை போனபிறகு பிள்ளைகளை மேசைக்குக் கீழே படுக்கவைத்த கதை.

தனித்தனியாக வாசித்தால் ஒவ்வொன்றும் குறைதான். அறிக்கை எண்ணிக்கையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. பத்திரிகை ஆளைச் சொல்லும், அதுவும் பஸ் போகிற ஊர்களின் ஆளை மட்டும். வாவிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது பேச்சில்தான் இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் சனங்கள் போன் பண்ணத் தொடங்கினார்கள். "வரிசையில நிண்டது எங்கட அப்பப்பா" என்றார்கள், ஊர்ப்பெயர் பிழை என்று திருத்தினார்கள், தங்களிடம் இருந்த படங்களை அனுப்பினார்கள். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை மட்டக்களப்புக்குள்ளேயே இருந்த கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் பக்கத்து ஆட்களும் வந்து தேடினார்கள். எங்களுக்கு இது பெரிய சந்தோஷம். இதே முறையில் அடுத்த தொகுப்பையும் செய்வோம் என்று முடிவெடுத்ததில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

1990 தொகுப்பு

அடுத்தது 1990. அந்த வருடம் ஜூனில் போர் மறுபடி வெடித்த பிறகு இந்த மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தபோது கொல்லப்பட்டவர்கள், செப்டெம்பர் 5 வந்தாறுமூலை வளாக முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள், செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான் படுகொலை என்று திகதிகளே போதும். எங்கள் கசட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் இப்படிப் பெயர் பெற்ற சம்பவங்கள் அல்ல, ஊருக்குள் ஒரு காலையில் நடந்த சுற்றிவளைப்பு, ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர், அந்த மாதிரி.

தொகுப்பு திறந்து சில வாரங்களில் வட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. கட்டாரில் வேலை செய்யும் ஒரு பொடியன் அனுப்பியது. நல்ல மனத்தோடுதான் அனுப்பியிருந்தான்: இந்த ஒலிப்பதிவில் பேசுவது தங்கள் ஒழுங்கையில் இருக்கும் இன்ன அம்மாதானே, கேட்டு அழுதேன், இதைப் பாதுகாத்ததற்கு நன்றி. குரலை வைத்துக் கண்டுபிடித்தாயா என்று கேட்டோம். இல்லையாம். ஊரைப் போட்டுத் தேடினானாம். திரையில் மூன்று வந்தனவாம். பேச்சு, அதே வாரப் பத்திரிகையில் அந்த ஊரில் கொண்டுபோகப்பட்ட மூன்று பேரின் பெயர், நட்டஈட்டுப் பட்டியலில் அந்த மூவரில் ஒருவருக்குத் தாய் என்று கையெழுத்திட்டவரின் பெயர். மற்ற இருவருக்கும் மனைவிமார் கையெழுத்து. பேசுகிறவர் ஒரு தாய் என்று நாங்களே எழுதிவைத்திருந்தோம்.

அன்றிரவு ஆசிரியர் அந்தப் பதிவை முழுதாக மறுபடி கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் அந்த அம்மா, சுற்றிவளைப்பில் தலையாட்டியாக, அதாவது ஆட்களைத் தலையசைத்துக் காட்டிக்கொடுப்பவனாக, முகத்தை மூடி நின்றது யார் என்று சொல்கிறார். பெயர் சொல்லவில்லை. "கடைக்காரர்ட மூத்தவன்" என்கிறார். எந்த ஊர் என்று தெரியாதவனுக்கு அது ஒன்றும் சொல்லாது. ஊர் தெரிந்தவனுக்கு, அந்த ஊரில் அந்தக் காலத்தில் கடை என்று இருந்தது ஒன்றுதான். அந்தக் குடும்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மூன்று ஆவணத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் கொடுத்த வாக்கு மீறப்படவில்லை. பேச்சில் பெயர் இல்லை. பத்திரிகை முப்பது வருடத்துக்கு முன் கடைகளில் விற்றது. பட்டியல் ஒரு காலத்தில் அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. ஆளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது அவை சேர்ந்து நின்ற அந்தத் திரைதான், அதாவது புயல் தொகுப்பில் எல்லோரும் மெச்சிய அதே வசதி.

அன்றிரவும் அடுத்த நாட்களும் எடுத்த தீர்மானங்கள்

ஒலியை அந்த இரவே மூடினோம். அதில் விவாதம் இல்லை. மற்றவற்றில் நிறைய இருந்தது.

ஒருவர் 1990 தொகுப்பு முழுவதையும் எடுத்துவிடச் சொன்னார், பிரச்சினை வந்தபிறகு கவலைப்படுவதைவிட அது மேல் என்றார். அச்சகக்காரர் கடுமையாக மறுத்தார். பல குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளை காணாமல் போனதற்கு அச்சில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பத்திரிகை மூலையில் வந்த இரண்டு வரிதான், அதையும் எடுத்தால் அந்தப் பிள்ளை இன்னொரு தரம் இல்லாமல் போவான் என்றார். ஏறாவூர்க்காரர் வேறொன்றைக் கேட்டார்: முஸ்லிம் குடும்பங்களின் பேச்சுகளிலும் இப்படி "இன்னாரின் மகன் வழிகாட்டினான்" என்று வரும் இடங்கள் உண்டு, தமிழ்ப் பேச்சை மூடிவிட்டு அவற்றைத் திறந்து வைத்திருந்தாலோ, மறுவளமாகச் செய்தாலோ, நாளைக்கு எந்த ஊருக்குள்ளும் போகமுடியாது. என் பார்வையில் அந்த இரவு பேசப்பட்டதில் மிக முக்கியமானது இதுதான். மற்றவர்கள் எல்லோரும் அந்த ஒரு பதிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அவர் எல்லாப் பதிவுக்கும் பொதுவான விதியைக் கேட்டார்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. பத்திரிகைப் பக்கங்கள் திறந்தே இருக்கும். புயல் அறிக்கைகளும் கைந்நூல்களும் அப்படியே. நட்டஈட்டுப் பட்டியல்களில் அடையாள அட்டை இலக்கமும் இருந்தது, அவற்றை முதலிலேயே வேறாகப் பார்த்திருக்கவேண்டியது. இப்படி ஒரு ஆவணம் இருக்கிறது என்ற விவரம் மட்டும் வெளியே, படம் உள்ளே. 1990 பேச்சுகள் அனைத்துக்கும், யாருடையதாக இருந்தாலும், ஊர்ப் பெயருக்குப் பதிலாகப் பிரதேச செயலகப் பிரிவு மட்டும். மாவட்டத்தில் 14 பிரிவு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பல ஊர், அவ்வளவு அகலம் போதும் என்று நினைத்தோம். ஒலிகள் எல்லாம், பேசியவரையோ அவரது குடும்பத்தையோ நேரில் கண்டு பேசும்வரை மூடல். முதலில் அந்த அம்மா.

அந்த அம்மாவைச் சந்தித்தது

போனில் கேட்பதில்லை என்று முடிவு. தொண்ணூறுகளில் கசட்டில் பதிந்த பெண்மணியைத் தேடிப்பிடித்து அவரோடுதான் போனோம். ஊருக்குள் வான் பிடித்துப் போய் இறங்கி நாலு பேர் பார்க்க நிற்காமல், அவர் வழமையாகப் போகிறமாதிரி ஒரு பின்னேரம் போய் இருந்தோம்.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. காதில் இயர்போனை வைத்துத் தன் பழைய குரலைக் கேட்டார். அந்த ஊர்ப் பொடியன் கண்டுபிடித்ததைச் சொன்னோம். பயப்படுவார், அழிக்கச் சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்துப் போனோம். அவர் கேட்டது அந்தப் பத்திரிகையைக் காட்டச் சொல்லி. காட்டினோம். மகனின் வயது 24 என்று போட்டிருக்கிறது, அவனுக்கு 19 தான் என்றார். பெயரிலும் ஒரு எழுத்துப் பிழை. கோபம் அதில்தான் இருந்தது.

"என்ட பெயரப் போடு மனே. அவன்ட பெயரயும் சரியாப் போடு. நான் ஒளிச்சுக் கதைக்க இல்ல" என்றார்.

அப்புறம் கடைக்காரர் மகன் விஷயம். நாங்கள் தயங்கித் தயங்கித்தான் தொடங்கினோம். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், அந்தப் பொடியனையும் சில மாதத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள், அவனும் வரவில்லை. அடித்து நிற்கவைத்திருப்பார்கள், கசட்டில் பேசும்போது தனக்கு அது விளங்கவில்லை என்றார். அவன் தாயும் தானும் இப்போது வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயிலில் ஒன்றாக இருந்துதான் பொங்குகிறார்களாம்.

"அவன்ட தாய் உசிரோட இருக்கிற வரைக்கும் அந்தக் கதை வேணாம்."

அழிக்கவா என்று கேட்டோம். அழிக்கக்கூடாது என்றார். நடந்தது நடந்ததுதானே, பிறகு கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

பின்னர் என்ன செய்தோம்

ஒலியை இரண்டாகப் பிரித்தோம். பெரும்பகுதி அவர் பெயரோடும் மகன் பெயரோடும் திறந்திருக்கிறது, ஊர்ப்பெயரும் அவர் சொன்னபடியே. வெட்டிய துண்டு தனிக் கோப்பு, மூடல். வெட்டாத மூலம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று மாவட்டத்துக்கு வெளியே. திறந்திருக்கும் பகுதியில் எந்த இடத்தில் ஒரு பகுதி விடப்பட்டிருக்கிறது என்பதையும் விவரத்தில் எழுதியிருக்கிறோம், கேட்கிறவர் இது முழுப்பேச்சு என்று நம்பக்கூடாது.

மூடலுக்கு மென்பொருள் ஒரு திகதி கேட்டது. எத்தனை வருடம், எந்த நாளில் திறப்பது? எங்களிடம் இருந்ததோ ஒரு மனிசியின் ஆயுள். அதைத் திகதியாக எழுதமுடியாது, ஊகித்து எழுதவும் மனம் வரவில்லை. திகதி இடத்தில் மறுபரிசீலனை நாளைப் போட்டு, உண்மையான நிபந்தனையைக் கைப்பட எழுதி, ஸ்கேன் பண்ணி, கோப்போடு வைத்தோம். மறுபரிசீலனை நாள் வரும்போது தானாகத் திறக்காது, ஒருவர் ஊருக்குப் போய் விசாரிக்கவேண்டும். திகதி மட்டுமே கேட்கும் மென்பொருள்களை எங்கள் ஊர்க் கதைகளுக்குப் பாவிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பத்திரிகைப் பக்கத்தில் கைவைக்கவில்லை. 24 என்று அச்சானது 24 ஆகவே இருக்கிறது. அதன் விவரக்குறிப்பில் "குடும்பத்தார் தரும் திருத்தம்" என்று ஒரு பகுதி சேர்த்து வயதையும் பெயரையும் எழுதினோம். இது எங்கும் பரவி, வேறு குடும்பங்களும் திருத்தங்களோடு வரத் தொடங்கின: ஒரே ஆள் இரண்டு பெயரில், பக்கத்து ஊர்க்காரர் இந்த ஊர்க் கணக்கில், அண்ணனின் பெயரில் தம்பி. ஒருவர் விஷயம் வேறு. காணாமல் போனதாக அச்சான அவர் உயிரோடு, வேறு மாவட்டத்தில், பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார். யாரும் தன்னைத் தேடி வருவதில் அவருக்கு விருப்பமில்லை. பக்கத்தை விட்டோம், நாங்கள் அடித்த பெயர் நிரலிலிருந்து அவரை எடுத்தோம். தாளைப் புரட்டுகிறவருக்கு அவர் கிடைப்பார், தேடலுக்குக் கிடைக்கமாட்டார்.

ஒரு ஆய்வாளர் மூடிய துண்டுகளைக் கேட்டு எழுதினார். மறுத்தோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கடிதத்தோடு மறுபடி எழுதினார், மறுபடியும் மறுத்தோம்.

இனிச் செய்யும் முறை

புதிய பதிவுகளில் சம்மதத்தை மூன்றாகக் கேட்கிறோம். உங்கள் பெயர் வரலாமா, உங்கள் ஊர் வரலாமா, நீங்கள் சொல்லும் மற்ற ஆட்கள் வரலாமா. முதல் இரண்டுக்கும் உடனே பதில் வரும். மூன்றாவதுக்குத்தான் ஆட்கள் யோசிக்கிறார்கள், அந்த யோசனையையும் பதிவிலேயே விடுகிறோம். கேட்பது பேசி முடிந்த பிறகு. பேசத் தொடங்கும் முன் கேட்டால் யார் யாரைச் சொல்லப்போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

திறக்கும் முன் ஒரு சோதனை செய்கிறோம். அந்த ஊரோடு சம்பந்தமில்லாத ஒருவரை உட்காரவைத்து, எங்கள் சொந்தத் தேடலை மட்டும் வைத்து, பெயரில்லாத ஒரு பேச்சாளரைக் கண்டுபிடிக்கச் சொல்வது. அவர் கண்டுபிடித்தால் பதிவு திறக்காது. பிறகு அதே ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டும் செய்யவேண்டும், கடைக்காரர் யார் என்று தெரிந்தவர் அவர்தான். இரண்டாவது சோதனைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம், அவரும் இரகசியம் காக்கிறவராக இருக்கவேண்டும், அதனால் சில பதிவுகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இப்போது ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து வாசிக்கிறோம், பட்டியல்கள் விஷயத்தில் அது எங்களை எங்கே தொடுகிறது என்று பார்க்க.

தீராமல் இருப்பது பேசியவர் இறந்துபோன கசட்டுகள். ஒரு குடும்பத்தில் கனடாவில் இருக்கும் மூத்த மகன் திறக்கச் சொல்லி எழுதுகிறார், அம்மா உலகம் கேட்கட்டும் என்றுதான் பேசினா என்கிறார். ஊரில் இருக்கும் மகள் வேண்டாம் என்கிறா. இரண்டு பேரும் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் உரிமை உண்டு. இப்போதைக்கு ஊரில் இருக்கிறவரின் சொல்லை எடுக்கிறோம், பின்விளைவு அவர் வாசலுக்குத்தான் வரும் என்பதால். மகன் அதை ஏற்கவில்லை, அடுத்த ஆவணியில் ஊருக்கு வரும்போது நேரில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.